இரண்டாம் முறை எழுதியவர்கள்: கொங்கு நாட்டில் டாக்டர் சீட்டின் வரலாறு

எம்.பி.பி.எஸ். சேர யாருக்குத் தகுதி உண்டு என்று சொல்லும் இந்திய விதிகளில் பி.எஸ்ஸி. பட்டதாரிக்கும் இடம் இருந்துவந்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் 1997-ல் வெளியிட்ட இளநிலை மருத்துவக் கல்வி விதிகள் இதைத் தெளிவாகவே சொல்லின. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டைப் படித்துப் பட்டம் பெற்றவர், அதற்கு முந்தைய தேர்விலும் இந்த மூன்று பாடங்களோடு ஆங்கிலத்தில் தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. நீட் நுழைவுத் தேர்வின் விண்ணப்பப் படிவத்தில் இவர்களுக்கென்றே 06 என்ற தகுதிக் குறியீடு இருந்துவந்தது. ஆனால் அந்தப் பட்டம் தேர்வெழுத உரிமை தந்ததோடு நின்றுவிட்டது. பட்டத்தில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தரவரிசையில் அரை மதிப்பெண்கூடக் கூடியதில்லை.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893-ல் தொடங்கியபோதே, பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்ப்பது என்று முடிவு செய்தது. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 1910-ல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு மருத்துவத்துக்கு வருவது அங்கே பொதுவழி ஆயிற்று. கல்லூரி மதிப்பெண்ணும் சேர்க்கையில் கணக்கில் வருவதால், முதல் பட்டத்தில் சறுக்கியவர் இரண்டாவது பட்டம் படித்துத் தன் சராசரியை உயர்த்திக்கொள்ள அங்கே வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் வழியில் வந்த சென்னை மாகாணம், பள்ளிப் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் நடுவே இன்டர்மீடியட்டோடு நின்றது. அதனால் கொங்கு நாட்டில், கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் டாக்டர் சீட்டைத் தவறவிட்ட பிள்ளைக்குப் பட்டம் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது மறுபடி எழுதும் தேர்வும் அதற்காகச் செலவிட்ட ஓராண்டும்தான். அந்த ஓராண்டின் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

1966 வரை கொங்கு நாட்டில் மருத்துவக் கல்லூரி கிடையாது. கோவை அரசுக் கல்லூரியிலோ சேலத்திலோ இன்டர்மீடியட் முடித்தவர் 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கோ, 1938-ல் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லிக்கோ, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கோ போயாக வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல்தான் வந்தது. ஆனால் ஊரில் தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் பைக்காரா மின்சாரம், அதைத் தொடர்ந்து வரிசையாகப் பஞ்சாலைகள், பம்புசெட் பட்டறைகள். கிணற்று நீரில் பருத்தியும் புகையிலையும் வைத்துக் கையில் காசு பார்த்த குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பில் பணம் போடத் தயாராக இருந்தன. பணம் கட்ட ஆள் இருந்தும் போய்ச் சேர இடம் இல்லை. பிற்காலத்து அலைச்சலுக்கெல்லாம் மூலகாரணம் இதுதான்.

ஏற்கெனவே பட்டம் வாங்கிய ஒருவர் மருத்துவம் படிக்க விரும்பியதால், நாட்டின் அரசமைப்புச் சட்டமே திருத்தப்பட்ட நிகழ்ச்சியும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. செண்பகம் துரைராசன் 1934-லேயே பி.ஏ. தேறியவர். 1950-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர நினைத்தபோது, வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அப்போது மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து 330 இடங்கள். ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, கிறிஸ்தவர்–ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணையைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. மூன்று மாதத்துக்குள் முதலாவது அரசமைப்புத் திருத்தமும் 15(4) பிரிவும் வந்தன. பின்னாளில் கொங்கு நாட்டு உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒதுக்கீட்டில் பெற்ற மருத்துவ இடங்களுக்குச் சட்டத் துணையாக நின்றது அந்தப் பிரிவுதான்.

1950-களின் நடுவில் இன்டர்மீடியட் போய், பி.யூ.சி. என்ற ஓராண்டுப் படிப்பு வந்தது. மருத்துவத்துக்குப் போகிறவர் அதற்குப் பிறகு ஓராண்டு முன்தொழிற்படிப்பும் படிக்க வேண்டியிருந்தது. 1997 விதிகளில்கூட அந்தப் பழைய படிப்பின் பெயர் தகுதிகளில் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம். பி.யூ.சி. ஓராண்டுதான். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பையன் ஆங்கிலப் பாடங்களுக்குப் பழகுவதற்குள் தேர்வு வந்து நின்றது. மருத்துவ இடம் கிடைக்காதவர்கள் அரசுக் கலைக் கல்லூரியிலோ, 1947-ல் தொடங்கிய பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) கலை அறிவியல் கல்லூரியிலோ, பெண்களானால் 1948-ல் தொடங்கிய நிர்மலாவிலோ பி.எஸ்ஸி.யில் சேர்ந்தார்கள். விலங்கியல் வகுப்பில் இருந்தவர்களில் மருத்துவத்தை மனதில் வைத்து வந்தவர்கள் எப்போதும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் நிலைபெற்றார்கள். இந்தப் பகுதியில் உயிரியல் கற்பித்த ஒரு தலைமுறை ஆசிரியர்கள் இப்படித்தான் உருவானார்கள். பின்னால் வந்த மாணவர்கள் அவர்களிடம்தான் அந்தப் பாடத்தைப் படித்து மருத்துவர் ஆனார்கள்.

1966-ல் கோவை மருத்துவக் கல்லூரி பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செங்கற்பட்டிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிகள் வந்திருந்தன. கல்லூரி அவிநாசி சாலையில் பீளமேட்டுப் பக்கம், மருத்துவமனை திருச்சி சாலையில் என்று இரண்டும் பிரிந்தே அமைந்தன. உள்ளூரில் கல்லூரி வந்ததும், அதில் உள்ளூர்க்காரருக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியும் வந்தது. மாவட்ட மக்கள்தொகை அளவில் இடங்களைப் பிரிக்க அரசு செய்த ஏற்பாட்டை ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-ல் ரத்து செய்தது. பிறகு கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வுக்குழு அமைத்து, நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் கொடுத்தார்கள். பெரியகருப்பன் வழக்கில் அந்த அலகு முறையும் நிற்கவில்லை. ஆக, கோவையில் கல்லூரி இருந்தாலும் கோவைப் பிள்ளை மாநிலம் முழுவதோடும் போட்டியிட்டே அதில் சேர வேண்டும் என்பது உறுதியானது. ஊருக்குக் கல்லூரி கொண்டுவந்தால் ஊர்ப்பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. மதிப்பெண்ணை உயர்த்துவது ஒன்றே வழி என்ற எண்ணம் இந்த மண்ணில் வேர்விட இந்தத் தீர்ப்புகளும் காரணம் என்று கொள்ளலாம். 1975-ல் கொங்கு வேளாளர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 1980-ல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தது. போட்டி ஒரு பக்கம் எளிதானாலும் போட்டியிடுவோர் கூட்டம் பெருகியது.

1978-ல் பி.யூ.சி. போய், மேல்நிலைக் கல்வி வந்தது. 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு. இதில் கொங்கு நாட்டுப் பெற்றோர் பெரிதும் விரும்பியது 'பயோ–மேத்ஸ்' பிரிவு: உயிரியல், கணிதம் இரண்டும் சேர்ந்தது. மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியலுக்குப் போகலாம். 1951-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. டெக், 1945-ல் தொடங்கிய அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, 1984-ல் பெருந்துறையில் வந்த கொங்கு பொறியியல் கல்லூரி என்று ஊரைச் சுற்றிப் பொறியியல் இடங்கள் இருந்தன. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள 'ப்யூர் சயின்ஸ்' எடுத்த பிள்ளைக்கு அந்த மாற்றுவழி கிடையாது. ஆகவே அதை எடுத்தவர்கள் மருத்துவத்தையே உறுதியாக நம்பி எடுத்தவர்கள். முதல் முறை தவறினால் இரண்டாம் முறை எழுதத் துணிந்தவர்களும் அவர்களிடையே அதிகம்.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவந்தது. கணக்கு 300-க்கு. பிளஸ் டூ உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, நுழைவுத் தேர்வுக்கு 100. இதோடு 'இம்ப்ரூவ்மென்ட்' என்ற மேம்பாட்டுத் தேர்வும் இருந்தது. பிளஸ் டூவில் தேறியவரே அடுத்த மார்ச்சில் மீண்டும் எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். நுழைவுத் தேர்வையும் மறுபடி எழுதலாம். கொங்கு நாட்டுச் சொல்வழக்கில் "பையன் இம்ப்ரூவ்மென்ட் எழுதறான்" என்றால், டாக்டர் சீட்டுக்கு ஓராண்டு காத்திருக்கிறான் என்று பொருள். உறவினர் கேட்டால் தயங்காமல் சொல்லக்கூடிய பதில் அது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத் தேர்வை மறுபடி எழுதுவதை 'செகண்ட் ஷை', 'தேர்ட் ஷை' என்று சொல்வதற்கு இணையான வழக்கு இது. இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக மூன்று முறை வரை எழுதலாம்.

இம்ப்ரூவ்மென்ட் ஆண்டு, பட்டப்படிப்பைவிட ஒருவகையில் கடினமானது. கல்லூரியில் சேர்ந்தவனுக்குச் சேர்மானமும் அடையாள அட்டையும் உண்டு. இவனுக்குப் பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை. காலையில் டியூஷன், மாலையில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி, நடுவில் பழைய வினாத்தாள். 195 எடுத்த பாடத்தில் 199 எடுப்பதற்காக ஓர் ஆண்டு. கோவை காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் பக்கத்துப் பயிற்சி மையங்களில் இவர்களுக்கென்றே தனித் தொகுதிகள் நடந்தன. இந்தச் செலவைத் தாங்கக்கூடிய வீடுகளுக்கு மட்டும்தான் இந்த ஓராண்டு கிடைத்தது. விசைத்தறித் தொழிலாளியின் மகனும் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரின் மகளும் முதல் முறை எடுத்த மதிப்பெண்ணோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். இரண்டாம் முறை எழுதுபவர் பெறும் கூடுதல் மதிப்பெண், முதல் முறை எழுதிய ஏழைப் பிள்ளையின் இடத்தையே எடுத்துக்கொண்டது. இந்த முறைமேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு இதுதான். அதில் நியாயம் இருந்தது.

காத்திருக்க வசதியில்லாதவருக்கும், காத்திருக்கப் பொறுமையில்லாதவருக்கும் நாமக்கல் ஒரு விடை சொன்னது. லாரிக்கும் முட்டைக்கும் பெயர்போன அந்த ஊர் 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. 1990-களில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதியோடு கூடிய மெட்ரிகுலேஷன் பள்ளிகள் எழுந்தன. ஆசிரியர்களும் உழவர், வணிகர் குடும்பத்தாரும் பங்கு போட்டு, அறக்கட்டளையாகத் தொடங்கியவை பல. கோழிப்பண்ணையையும் லாரித் தொழிலையும் பலர் சேர்ந்து முதல் போட்டு வளர்த்த அதே பழக்கம் பள்ளிக்கும் வந்தது. இரண்டாம் முறை எழுதுபவர் ஓர் ஆண்டில் செய்யும் வேலையை இந்தப் பள்ளிகள் முதல் முறை எழுதுபவருக்குள்ளேயே புகுத்தின. பதினோராம் வகுப்புப் பாடத்தை விரைவாகத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டும் நடத்தினார்கள். விடிவதற்கு முன் எழுந்து படிப்பு, தினமும் தேர்வு, இரவு மீண்டும் படிப்பு. வினாத்தாள் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வரும் என்ற அமைப்புமுறை தெரிந்தே இருந்ததால், அதற்கு ஏற்ற பயிற்சி தரமுடிந்தது. ஆக, பிளஸ் டூ எழுதும்போதே அந்தப் பிள்ளை ஏறக்குறைய இரண்டாம் ஆண்டு படிப்பவனாக இருந்தான். தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பட்ட மன அழுத்தம் கொஞ்சமல்ல. மருத்துவராகி நிற்கும் பலர் அந்த இரண்டு ஆண்டுகளைச் சிறைவாசம் என்று நினைவுகூர்வதும், அதே பள்ளிகளால்தான் தங்கள் குடும்பத்தில் முதல் மருத்துவர் உருவானார் என்று சொல்வதும் சேர்ந்தே கேட்கின்றன. இரண்டும் உண்மை.

2005 ஜூனில் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும் மேம்பாட்டுத் தேர்வு முறையையும் நிறுத்தி ஆணையிட்டது. நுழைவுத் தேர்வு ரத்தை அந்த மாதமே உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2006 தொடக்கத்தில் சட்டமாகக் கொண்டுவந்ததும் பிப்ரவரியில் விழுந்தது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு, ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி இன்னொரு சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. அது நின்றது. அடுத்த பத்தாண்டு பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம். கட்–ஆஃப் 200-க்குக் கணக்கிடப்பட்டு, அரசுக் கல்லூரி இடத்துக்கு 197, 198 என்று பேசும் நிலை வந்தது. நாமக்கல் பள்ளிகளின் பொற்காலமும் இதுதான். மறுபடி எழுதி மதிப்பெண் கூட்டும் வழி இல்லாததால், முதல் முறையே எல்லாம் என்றாயிற்று. 2009-ல் அருந்ததியருக்குத் தரப்பட்ட 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு இந்தக் காலத்தின் இன்னொரு முக்கியத் திருப்பம். அவர்கள் மிகுதியாக வாழும் கொங்கு மாவட்டங்களில், தூய்மைப் பணியாளர் வீடுகளிலிருந்தும் தோல் தொழில் செய்தவர் வீடுகளிலிருந்தும் மருத்துவ மாணவர்கள் புறப்பட்டது அதற்குப் பிறகே கண்ணில் பட்டது.

அரை மதிப்பெண்ணில் தவறியவர்களுக்கு இந்தப் பகுதியில் தங்கும் இடங்கள் வேறு இருந்தன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. வேளாண்மை, 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவம், சித்தா, நர்சிங். வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் உரிய மரியாதை இங்கே எப்போதும் உண்டு. பயிரும் மாடும் கோழியும் உள்ள ஊர்களில் அவை இரண்டாந்தரப் படிப்பாக எண்ணப்படவில்லை. ஆனாலும் அதில் சேர்ந்த சிலர் அடுத்த ஆண்டு மருத்துவம் கிடைத்ததும் விலகினார்கள். விலகியவர் விட்டுச்சென்ற இருக்கை அந்தப் படிப்பு முடியும்வரை காலியாகக் கிடந்தது. வேளாண்மையை உண்மையாக விரும்பிய வேறொரு பிள்ளை இழந்த இருக்கை அது.

தனியார் வழியும் திறந்தது. 1985-ல் பூ.சா.கோ. மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பெருந்துறைக் காசநோய் மருத்துவமனை வளாகத்தில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் 1992-ல் தொடங்கிய கல்லூரியில், போக்குவரத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென ஒரு பங்கு இடங்கள் இருந்தன. பேருந்து ஓட்டுநரின் மகள் மருத்துவர் ஆவதற்குத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனி வாசல் இருந்தது நினைவில் வைக்கத்தக்கது. பின்னர் அரசு அந்தக் கல்லூரியை ஏற்றுக்கொண்டது.

2017 மே 7-ல் நடந்த நீட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு இந்தக் கணக்கையெல்லாம் கலைத்தது. 180 வினா, 720 மதிப்பெண். ஏறக்குறையப் பாதிப் பாடம் பதினோராம் வகுப்பிலிருந்து. பதினோராம் வகுப்பைத் தள்ளிவிட்டு வளர்ந்த நாமக்கல் முறை அதில் நேராக அடிபட்டது. அதே ஆண்டு அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தி, பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு 85 விழுக்காடு இடம் என்ற ஆணையை உயர் நீதிமன்றம் ஜூலையில் ரத்து செய்தது. விடுதிப் பள்ளிகள் சில ஆண்டுகளுக்குள் நீட் பயிற்சி மையங்களாகத் தங்களை மாற்றிக்கொண்டன. இம்ப்ரூவ்மென்ட் என்ற சொல் மறைந்து 'ரிப்பீட்டர்', 'லாங் டேர்ம்' என்ற சொற்கள் வந்தன. லாங் டேர்ம் என்பது பள்ளி முடித்தபின் ஓராண்டு விடுதியில் இருந்து நீட்டுக்கு மட்டுமே படிப்பது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கை, 2020–21-ல் தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மறுமுறை எழுதியவர்கள் என்றது. நீட்டுக்கு முன் அவர்கள் சிறுபான்மை. ஒருகாலத்தில் சில வசதியுள்ள வீடுகளுக்கு இருந்த கூடுதல் ஆண்டு, இப்போது மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டு போலவே ஆகிவிட்டது. அதற்கான கட்டணத்துக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கும் வீடுகள் கொங்கு நாட்டில் இருக்கின்றன என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டியது.

எத்தனை ஆண்டு காத்திருக்கலாம் என்பதிலும் விதி மாறிமாறி வந்தது. 2018 ஜனவரியில் பொதுப்பிரிவினருக்கு 25, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வயது வரம்பு வந்தது. அந்த மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் வயது கடந்தவர்களையும் தற்காலிகமாக எழுத அனுமதித்தது. 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் வரம்பையே எடுத்துவிட முடிவு செய்து, 2022 மார்ச்சில் அறிவித்தது. பட்டம் முடித்துச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவரும் மறுபடி நீட் எழுதலாம் என்ற நிலை அதன்பின் முழுமையாக வந்தது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் தரும் சட்டம் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல், திருப்பூர், நீலகிரி மூன்றும் அடக்கம். 1966-ல் ஒரே கல்லூரியோடு தொடங்கிய பகுதிக்கு அது பெரிய மாற்றம். நீட்டிலிருந்து விலக்குக் கோரி 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் அறிவித்தார்.

பட்டத்தை வைத்தே மருத்துவத்துக்குள் போக முயன்ற பெரிய கூட்டம், வெளிநாடு போனவர்களில் பிலிப்பைன்ஸைத் தேர்ந்தவர்கள்தான். ரஷ்யாவிலும் சீனாவிலும் பள்ளி முடித்தவுடன் மருத்துவம் சேரலாம். பிலிப்பைன்ஸ் அமெரிக்க வழியைப் பின்பற்றுவதால், அங்கே எம்.டி. என்ற நான்காண்டு மருத்துவப் பட்டத்துக்கு முன் ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே போய் பி.எஸ். என்ற முன்மருத்துவப் படிப்பில் சேர்ந்து, அதை முடித்து எம்.டி.க்குப் போனார்கள். முகவர்கள் இரண்டையும் ஒரே படிப்பாகச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். 2021 நவம்பர் 18-ல் வந்த வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் விதிகள், மருத்துவப் படிப்பு மட்டும் 54 மாதம் இருக்க வேண்டும் என்றன. எம்.டி. 48 மாதம்தான். பி.எஸ். என்பது பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலுக்கு ஈடான முன்படிப்பே, மருத்துவப் படிப்பில் சேராது என்று ஆணையம் விளக்கியது. அந்த நாளுக்குப் பின் பி.எஸ்.ஸை நம்பிப் போனவர்களுக்கு, அந்தப் படிப்போடு நாடு திரும்பி மருத்துவராகப் பதிவு செய்யும் வழி அடைபட்டது.